போல்டரா, ஐஎஸ்ஓவா? பெருநாளன்று மலைப் பாதையில் நின்ற கார்

1. பிறை

இருபத்தொன்பதாம் நோன்பு திறந்து கஞ்சிக் கோப்பையைக் கழுவி வைப்பதற்குள் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் பிறை கண்ட செய்தி வந்துவிட்டது. விடிந்தால் பெருநாள். ஊர் முழுக்கச் சந்தோசம். நான் மட்டும் கடைச் சாவியைத் தேடிக்கொண்டு நின்றேன். அந்த வருடம் முப்பது நோன்பும் பூர்த்தியாகும் என்று நானாகவே முடிவு செய்து, முக்கியமான ஒரு வேலையை முப்பதாம் நோன்புக்கு ஒதுக்கி வைத்திருந்தேன். பிறையைத் தீர்மானிக்க நான் யார்?

கல்முனையில் கேம் கடை வைத்து இருபது வருடத்துக்கு மேலாகிறது. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். ஆனால் ஒரு கோப்பின் பெயர் வாலில் இருக்கிற எழுத்துக்களைப் பார்த்தால் அது பெட்டியில் எப்படி ஓடும் என்று சொல்லிவிடுவேன். கேம் பெட்டிகளை ஜெயில்பிரேக் பண்ணி, அதாவது கம்பெனிப் பூட்டை உடைத்து, கேம் தட்டு இல்லாமல் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து ஓடும்படி மாற்றிக் கொடுப்பதுதான் என் தொழில். ஊருக்கு நான் கேம் மாமி.

அன்று மிஞ்சியிருந்த வேலை பாலமுனை பஹ்மியுடையது. கட்டாரில் வேலை செய்கிற பிள்ளை. மூன்று வருடத்துக்குப் பிறகு பதினைந்து நாள் லீவில் வந்திருந்தார். கூடவே ஒரு பழைய பிஎஸ் த்ரீ பெட்டி கொண்டுவந்திருந்தார். அதை மாற்றத் தந்த அன்று மனைவியும் எட்டு வயது மகள் சனாவும் கூட வந்தார்கள். சனா உம்மாவின் அபாயாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு வாப்பாவை எட்டிப் பார்த்தாளே தவிர, பக்கத்தில் போகவில்லை.

"போனில எண்டா நல்லாக் கதைப்பா, மாமி. நேரில வந்த நாளையில இரிந்து என்னக் கண்டா ரூமுக்குள்ள ஓடுறா," என்றார் பஹ்மி. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் கண் சிரிக்கவில்லை.

மாற்றிய பெட்டியைச் சோதிக்க, கடை டிஸ்க்கிலிருந்து இரண்டு பேர் ஓட்டும் ஒரு கார் கேமைப் போட்டேன். ஒரு கொன்ட்ரோலரை சனாவிடமும் மற்றதை அவரிடமும் கொடுத்தேன். அவர் கார் போய் மதிலில் மோதி மோதித் திரும்பியது. திடீரென்று அவள் கத்தினாள்:

"வாப்பா, மதிலுக்குள்ள போறீங்க! அங்கால திருப்புங்க!"

வந்ததிலிருந்து அவள் அவரை வாப்பா என்று கூப்பிட்டது அப்போதுதான் என்று அவர் மனைவி என் காதோடு சொன்னார். கேம் போட ஒரு வெளி டிஸ்க்கைத் தந்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகும்போது பஹ்மி கேட்டது ஒன்றே ஒன்று.

"மாமி, வேற கேம் ஒண்டும் வேணா. இத மட்டும் பெருநாளைக்கு முந்தித் தாங்க. பெருநாளைக்கு மத்த நாள் எனக்கு ப்ளைட்."

"ஓம் மகன், நான் சொன்னாச் சொன்னதுதான்," என்றேன்.

2. எது வசதி

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். கேம் மூன்று வகைக் கோப்பாக வரும். நான் அறிந்ததைச் சொல்கிறேன்.

பிகேஜி என்பது பெட்டிக்குள்ளேயே பதிகிற வகை. பதிந்துவிட்டால் முதல் திரையிலேயே படம் நிற்கும், சின்னப் பிள்ளையும் அமத்தி விளையாடும். ஆனால் பதியும்போது இரண்டு மடங்கு இடம் கேட்கும். பெட்டியின் உள் டிஸ்க் சிறிதென்றால் அதற்கு வழியில்லை. பஹ்மியின் பெட்டி அப்படித்தான்.

போல்டர் வகையில் கேமின் உள்ளே உள்ள அத்தனையும் தனித்தனிக் கோப்பாக, உமி, குறுணி, அரிசி என்று கொட்டி வைத்த மாதிரி, ஆயிரக்கணக்கில் கிடக்கும். கொப்பி பண்ண நேரம் எடுக்கும். ஐஎஸ்ஓ வாய் தைத்த சாக்கு. ஒரே கோப்பு. வந்தால் முழுதாக வரும், இல்லாவிட்டால் வராது. அதிலும் ஒரு கரைச்சல் உண்டு. பிஎஸ் த்ரீக்குப் பிடித்த விதத்தில் போர்மட் பண்ணிய டிஸ்க், நாலு ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை ஏற்காது. அந்தக் கார் கேம் ஆறு ஜிபி. அதை இரண்டு துண்டாக வெட்டி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும்.

எனக்கு வெட்டுவது பிடிக்காது. பழகிய கைக்கு போல்டர்தான் லேசு. இழுத்துப் போட்டுவிட்டு மற்ற வேலை பார்க்கலாம். அன்று மாலையும் அதையே செய்தேன்.

பிறை கண்ட மாலையில் எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் அயன் பொக்ஸ் சூடாகும். கொப்பி முக்கால்வாசி ஓடியிருந்தபோது கரண்ட் போனது. கொம்பியூட்டரும் படுத்தது. பத்து நிமிடத்தில் கரண்ட் வந்தது. மறுபடி கொப்பி போட்டபோது, ஏற்கெனவே இருக்கிறவற்றை என்ன செய்வது என்று கேட்டது. இருப்பதை விட்டுவிடு என்று அமத்தினேன். நேரம் மிச்சம்.

இஷாத் தொழுகை முடிய பஹ்மி வந்தார். கடைப் பெட்டியில் போட்டுக் காட்டினேன். தலைப்புப் படம் வந்தது, முதல் பாதையில் கார் ஓடியது. அவர் டிஸ்க்கைக் கையில் பொத்திக்கொண்டு போனார்.

3. பெருநாள்

பெருநாள் தொழுகை முடிந்து வட்டிலப்பத்தை வெட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றது. புதுச் சாரனும் சேட்டுமாக, கையில் அந்த டிஸ்க்கோடு பஹ்மி.

"மாமி, கோவிக்காதீங்க. ரெண்டு ரோடு நல்லா ஓடிச்சி. மறுகா மலை ரோட்டுக்குள்ள போனா அப்பிடியே நிண்டிட்டு. மூணு தரம் பாத்தன்."

"சனா எங்க?"

"ரூமுக்குள்ள போயிட்டா. எனக்கு நாளைக்கு விடிய சுபஹோட வேன் வருது."

அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். வெட்டிய கத்தியை அப்படியே வைத்துவிட்டேன். என்ன நடந்தது என்று எனக்கு உடனே விளங்கியது. கரண்ட் போன நொடியில் கொப்பியாகிக்கொண்டிருந்த கோப்பு பாதியோடு நின்றிருக்கிறது. பெயர் இருக்கிறது, உள்ளே பாதிதான். இருப்பதை விட்டுவிடு என்று நான் சொன்னபோது கொம்பியூட்டர் அதையும் முழுக் கோப்பென்று எண்ணித் தாண்டிப் போய்விட்டது. மலைப் பாதை அந்தக் கோப்புக்குள் இருந்தது. கொம்பியூட்டரிலும் டிஸ்க்கிலும் உள்ள கோப்புகளின் அளவை ஒப்பிட்டிருந்தால் நேற்றே கண்டிருப்பேன்.

பெருநாளில் நான் கடை திறந்ததே கிடையாது. அன்று திறந்தேன். அலுமாரியில் வேறொரு டிஸ்க்கில் இருந்த அதே கேமின் ஐஎஸ்ஓவை எடுத்து, பிடிக்காத வேலையான வெட்டுதலைச் செய்து, இரண்டு துண்டையும் டிஸ்க்கில் போட்டேன். அரை மணித்தியாலம் ஆனது. அளவையும் ஒப்பிட்டேன்.

"தாங்க மாமி, நான் கொண்டு போறன்," என்று கை நீட்டினார்.

"இல்ல மகன். நேத்தும் இப்பிடித்தானே கொண்டு போன. நான் வாறன்," என்று ஒரு ஆட்டோ பிடித்தேன்.

அவர் வீட்டு ஹோலில் டீவிக்கு முன்னால் பாய் விரித்து, பெருநாள் சேலையோடு உட்கார்ந்து, நானே கொன்ட்ரோலரைப் பிடித்தேன். முதல் பாதையிலிருந்து தொடங்கினேன். சத்தம் கேட்டு அறைக் கதவு ஒரு விரல் திறந்தது. பிறகு ஒரு சாண். மலைப் பாதை வரும்போது சனா என் முதுகுக்குப் பின்னால் நின்றாள்.

கார் நிற்கவில்லை. மலையில் ஏறியது. ஆனால் என் கையில் கார் ஓட்டம் இல்லை. வளைவில் பள்ளத்துக்குள் போனது. மீட்டு ஏற்றினேன், மறுபடியும் போனது.

"கேம் மாமி, நீங்க எங்கட வாப்பாவ விட மோசம்!" என்றாள் சனா.

"அப்ப வேற ஆரக் கூப்பிடுற? நீயே சொல்லு," என்றேன்.

அவள் கொன்ட்ரோலரை என் கையிலிருந்து பறித்தாள். குசினிப் பக்கம் நின்றவரைப் பார்த்து, "வாப்பா, வாங்க. நீங்க மத்தத எடுங்க," என்றாள்.

நான் பாயில் இடம் விட்டு எழுந்தேன். அவர்கள் மலை இறங்கும் வரை சுவரோடு நின்று பார்த்துவிட்டு, அவர்கள் தந்த தொதல் இனிப்பை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

போல்டரைக் கைவிடச் சொல்லமாட்டேன். பிழைத்த ஒரு கோப்பை மட்டும் மாற்றுவதற்கு அதைப் போல ஒன்றில்லை. ஆனால் நான் வசதி வசதி என்று சொன்னதெல்லாம் என் கையின் வசதியைத்தான். கேம் ஓடுவது என் கடையில் அல்ல, ஆட்களின் ஹோலில். இப்போது எந்த வகையாக இருந்தாலும் கடைசிப் பாதை வரை ஓட்டிப் பார்க்காமல் கொடுப்பதில்லை. காத்திருக்கிறவர்கள் நான் பள்ளத்தில் விழுவதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.