சுவரில் ஏறிய வசனமும் பறிபோன என் கட்டிலும்

நெஞ்சில் கைவைத்து அறிவிக்கிறேன்: இந்தக் கதையை உங்களில் ஒருவர்கூட நம்பப்போவதில்லை. நம்பாதவர்கள் கமெண்டில் வந்து சண்டை போடலாம். அடியேன் தயார்.

நீல எனாமல் பெயிண்ட் வாடை... அதிலிருந்துதான் என் அழிவு தொடங்கியது.

பல வருஷத்துக்கு முன்னால், ஒகேனக்கல் போகிற ரோட்டோரம் புதிதாக ஒரு சின்ன வீடு கட்டியிருந்தோம். ஜன்னலுக்கு இன்னும் கதவுகூடப் போடவில்லை. பாஸ்டர் வந்து ஜெபம் பண்ணி, வழக்கப்படி வீட்டுக்கென்று ஒரு வசனம் கொடுத்தார். பாரம் சுமந்து களைத்தவர்களெல்லாம் என்னிடம் வாருங்கள், ஓய்வு தருகிறேன் என்று இயேசு அழைக்கிறாரே, அந்த வசனம்.

பைபிளில் குறித்து வைத்திருந்தால் வம்பே இல்லை. என் மனைவி ஸ்டெல்லா பெயிண்டரைக் கூப்பிட்டு, ரோட்டைப் பார்த்த சுவரில் ஆளுயரத்துக்கு எழுத வைத்துவிட்டாள். பெங்களூரில் நின்று பார்த்தால்கூடப் படிக்கலாம்!

நான் அப்போது கிரானைட் பாலிஷ் கம்பெனியில் நைட் ஷிப்ட். பகலில்தான் தூக்கம். வீட்டில் இருந்தது ஒரே ஒரு கயிற்றுக் கட்டில். அதுதான் என் சிம்மாசனம், என் சாம்ராஜ்யம்.

ஒரு மத்தியானம், தலையில் அலுமினியப் பாத்திரக் கூடையோடு பாய் ஒருவர் வாசலில் நின்று சுவரை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"ஏனுங்கம்மா, இது நெசமாலுமா, இல்ல சும்மா எழுதி வெச்சிருக்கீங்களா?"

"நெசந்தானுங்க பாய், உள்ள வாங்க," என்றாள் ஸ்டெல்லா.

அடுத்த நிமிடம் பாய் கட்டிலில். நான் தரையில், பாயில்!

அதோடு நின்றதா? ஊர் உலகமெல்லாம் செய்தி பரவிவிட்டது. கண்டக்டர்கள் எங்கள் வீட்டை ஒரு ஸ்டாப்பாகவே ஆக்கிவிட்டார்கள். வத்தல்மலையிலிருந்து மிளகு மூட்டையோடு வந்தவர்கள், பரிசல்காரர்கள், மூணு பஸ் நிறைய கல்யாணக் கூட்டம், ஜாதகத்தோடு ஒரு எருமை... கோடையில் ஒருநாள் காவிரியே களைத்துப்போய் வந்து, அரைமணி நேரம் எங்கள் ஹாலில் உட்கார்ந்து, மோர் குடித்துவிட்டுப் போனது. அன்றைக்கு அருவியில் தண்ணீர் இல்லை. வேண்டுமானால் விசாரித்துக்கொள்ளுங்கள்.

தூக்கமில்லாமல் மெஷினில் கை போகிற நிலைமை. சூப்பர்வைசர் இன்னொரு தடவை தூங்கினால் வேலை கிடையாது என்று சொல்லிவிட்டார். நேராகப் பாஸ்டர் வீட்டுக்குப் போனேன்.

"பாஸ்டர், வேற வசனம் குடுங்க. கோட்டை, மதிலு, கன்மலைன்னு... ஆளுங்க உள்ள வர முடியாத மாதிரி ஒண்ணு."

"வசனம் என்ன சட்டையாப்பா, அளவு சரியில்லைன்னு மாத்திக்கறதுக்கு?"

"கூப்புட்டது ஏசுங்க. நான் யாரையும் கூப்புடலியே!"

"உன் செவுத்துல நின்னுதானப்பா கூப்புடறாரு."

கோபத்தோடு சுண்ணாம்பு வாங்கி வந்து வாளியில் கரைத்தேன். வெள்ளையடிக்கிற மட்டையை எடுத்துக்கொண்டு சுவரண்டை போனேன்.

ஸ்டெல்லா தடுக்கவில்லை. அதுதான் இன்னும் மோசம்.

"அழிங்க. அந்தப் பாத்திரக்கார பாய் வந்தா என்ன சொல்றதுன்னு நீங்களே சொல்லிக்குங்க. என்னால ஆவாது."

சொல்லி வாய் மூடவில்லை, பாய் கூடையோடு வந்து நிற்கிறார். வாளியைப் பார்த்தார். மட்டையைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். கோபப்படவில்லை மனுஷன்.

"அழிக்கப் போறீங்களா சார்? பரவால்லீங்க. அதுக்கு முன்னால ஒரு அஞ்சு நிமிசம் படுத்துக்கட்டுங்களா? எழுத்து இருக்கற வரைக்கும் செல்லுமில்லீங்க?"

உள்ளே போய்ப் படுத்தார். நான் மட்டையைப் பிடித்தபடி வெளியே நின்றேன். வாளியில் சுண்ணாம்பு இறுகிக் கல்லாகிவிட்டது. வேலை போகவில்லை. ஷிப்ட்டைப் பகலுக்கு மாற்றித்தரச் சொல்லி சூப்பர்வைசர் காலைப் பிடித்தேன்... வேறென்ன செய்ய?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

போன வாரம் தருமபுரியில் என் மகனின் புது வீட்டுக்குப் போயிருந்தேன். அதே வசனம்! கறுப்பு கிரானைட்டில் தங்க எழுத்து. அதற்கு நேர் கீழே, 'நாய்கள் ஜாக்கிரதை'. பக்கத்தில், 'சேல்ஸ்மேன்களுக்கு அனுமதி இல்லை'. மேலே கேமரா. கேட்டுக்கு வெளியே கேஸ் சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு ஒருவர் வெயிலில் நிற்கிறார். உள்ளே என் மகன் போனில் ஓடிபி தேடுகிறான்!

"ஏண்டா, வரச் சொல்லிட்டு நாய உடறியா?"

"நாயெல்லாம் இல்ல டாடி, சும்மா போர்டுதான்."

"அப்ப வசனம்?"

"அது ஒரு பிளெஸ்ஸிங்குக்கு டாடி. லிட்டரலா எடுத்துக்காதீங்க."

கொதித்துவிட்டேன். இவன்தான் தினமும் விடியுமுன்னே ரோஜாப்பூ படத்தோடு குடும்ப குரூப்பில் வசனம் அனுப்புகிறவன்! எங்கள் காலத்தில் ஒரே ஒரு வசனம். அது எங்களைப் படாத பாடு படுத்தியது. இவர்களிடம் போன் நிறைய வசனம் இருக்கிறது. ஒன்றாவது இவர்களைப் படுத்துகிறதா?

சிலிண்டர்காரரை நானே உள்ளே கூட்டிப்போய் ஏசி போட்டு சோபாவில் உட்கார வைத்தேன். மகன் முகத்தைப் பார்க்க வேண்டுமே...

சரி. எருமை பொய். காவிரி பொய், அது மோர் குடிக்காது. மீதியையும் அவரவர் சக்திக்கேற்பக் கழித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் உண்மை. ஸ்டெல்லாவுக்கே இன்றுவரை தெரியாது. அன்றைக்கு பாய் தூங்கும்போது, கதவில்லாத அந்த ஜன்னல் வழியாக மேற்கு வெயில் நேராக அவர் முகத்தில் விழுந்தது. நான் நகர்ந்துபோய் ஜன்னலை மறைத்து நின்றுகொண்டேன், அவர் தானாக எழுந்திருக்கும்வரை. கையில் மட்டை இருந்ததால், ரோட்டில் போனவர்கள் நான் வெள்ளையடிப்பதாகத்தான் நினைத்திருப்பார்கள்.