சுவருக்கு அந்தப் பக்கம் சித்தி

கிணற்றுக்குள் இருந்துதான் சித்தியின் குரல் வரும். ஈரமாக, கொஞ்சம் கனத்து... அப்போதெல்லாம் காலையில் எனக்கு முழிப்பு வருவதே அந்தக் குரலில்தான்.

தென்காசியில் தேரடிக்குப் பக்கத்துத் தெருவில் எங்கள் வீடு. தாத்தா கட்டியது. வாசல் ஒடுக்கம், உள்ளே போகப் போக நீளம். முன்பக்கம் தார்சா, நடுவில் பட்டாசல், அப்புறம் அடுக்களை, கடைசியில் கிணறு. உத்திரமெல்லாம் செங்கோட்டைப் பக்கமிருந்து வந்த தேக்கு.

அப்பாவும் சித்தப்பாவும் பாகம் பிரித்தபோது அந்த வீட்டை நீளவாக்கில் இரண்டாக்கி, நடுவே ஒரு சுவரை எழுப்பிவிட்டார்கள். பட்டாசலில் ஊஞ்சல் மாட்டும் வளையங்களில் இரண்டு எங்களுக்கு, இரண்டு அவர்களுக்கு. ஊஞ்சல் மச்சுக்குப் போய்விட்டது. வாசல் எங்கள் பங்கில் வந்ததால் சித்தப்பா ஜன்னலை இடித்துக் கதவு வைத்துக்கொண்டார். அப்படி என்ன வீறாப்போ!

கிணற்றைத்தான் பிரிக்க முடியவில்லை. அதன் வாய்க்குக் குறுக்கே கல் உத்திரம் போட்டு, மேலே சுவரைக் கொண்டுபோனார்கள். ஆளுக்கொரு கப்பி. கீழே தண்ணீர் ஒன்றுதான்.

சுவர் எழும்பிய அன்று அம்மா அழுத அழுகை... ஒரே அடுக்களையில் கிடந்த அம்மாவும் சித்தியும் இனி பேசவே கூடாது என்று இரண்டு ஆண்களும் சொல்லிவிட்டார்கள்.

ஆனால் கிணற்றுக்குள் குனிந்து பேசினால் சுவருக்கு அடியில் குரல் போய்விடும் என்று இவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். தண்ணீர் இறைக்கிற சாக்கில் ஊர்க்கதை முழுக்க ஓடும். குற்றாலத்தில் சாரல் பிடித்து, கிணற்றில் தண்ணீர் மேலே வந்துவிட்டால் இன்னும் வசதி. சொதி ஊற்றிய தூக்குச்சட்டியை வாளிக்குள் வைத்து அம்மா இறக்குவாள். சித்தி, கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கும் பாதாளக்கரண்டியைப் போட்டுத் தன் பக்கம் இழுத்துக்கொள்வாள்.

"கெணத்துல என்னட்டி சத்தம்?" என்று அப்பா தார்சாவில் இருந்தபடியே கேட்பார்.

"வாளி முட்டுது" என்பாள் அம்மா.

அப்பாவுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

இப்போது அப்பாவும் இல்லை, சித்தப்பாவும் இல்லை. சித்தியை மகள் கோயம்புத்தூருக்குக் கூட்டிப் போய்விட்டாள். சித்திக்குக் காது சுத்தமாகக் கேட்பதில்லை. வீடியோ காலில் அம்மாவும் அவளும் முகத்தை முகத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள், அவ்வளவுதான். பேசாதே என்று சொல்ல இன்று ஒருவரும் இல்லை.

போன மாதம் சித்தி பங்கை நாங்களே வாங்கிக்கொள்வதாகப் பேச்சு முடிந்தது. சுவரை எடுத்துவிட்டால் பழையபடி ஒரே வீடு, ஊஞ்சலும் மாட்டிவிடலாம் என்று ஆசையாக அம்மாவிடம் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்றுதான் நினைத்தேன்.

அம்மா கிணற்றுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"சொவர எடுக்காதலே... அது இருந்தாத்தான் அந்தப் பக்கம் அவ இருக்க மாதிரி இருக்கும்."