ஒற்றை ஆளாக நீர்நாய் பார்க்கப் போனது

பிச்சாவரத்தில் ஒரு ராத்திரி தங்கி நீர்நாய் பார்க்க வேண்டும் என்று சொன்னபோது, லாட்ஜ் மேனேஜர் என் ஆதார் கார்டை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"சிதம்பரந்தானம்மா. இந்தா இருக்குற வூட்ட வுட்டுட்டு ரூம் எதுக்கு?"

"விடியக்காலம் படகுல போவணும். அந்நேரத்துக்கு பஸ் இல்ல."

"கூட யாரும் வர்லியா?"

"இல்ல."

"பின்னால வராங்களா?"

"யாரும் வரமாட்டாங்க" என்றேன், கொஞ்சம் கடுகடுப்பாகவே.

அவர் கார்டைத் திருப்பிக் கொடுத்தார். மாடியில் காட்டைப் பார்த்த அறைகள் காலியாகக் கிடந்தும், கீழே தன் மேசைக்குப் பக்கத்திலேயே ஓர் அறையைக் கொடுத்தார். ஜன்னலைத் திறந்தால் ஜெனரேட்டர்தான் தெரிந்தது.

கல்யாணம் ஆகாமல் அம்மாவோடு இருந்தவள் நான். அம்மா படுக்கையில் விழுந்த பிறகு ஒரு ராத்திரிகூட வெளியே தங்கியதில்லை. கடலூரில் ஆபீஸ் முடித்து வந்ததும் கட்டிலோரம் உட்கார்ந்து, பஸ்ஸில் யார் சண்டை போட்டார்கள் என்பது வரைக்கும் அன்று பார்த்ததையெல்லாம் அவளிடம் ஒப்பிப்பேன். தை மாதம் அம்மா போய்ச் சேர்ந்தாள். கருமாதி முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பினார்கள். அதன் பிறகு வீட்டில் மிக்சி சத்தம் தவிர வேறு சத்தம் கிடையாது. எனக்காக மட்டும் ஒன்றைப் பார்த்து, எனக்குள்ளேயே வைத்துக்கொள்ள முடிகிறதா என்று நான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அது முடியாவிட்டால் மிச்ச காலத்தை எப்படித் தள்ளுவது என்று பயமாக இருந்தது.

அன்று சாயங்காலம் முழுக்க லாட்ஜ் ஆட்கள் மாறி மாறி வந்து கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள். தண்ணீர் பாட்டில் வேண்டுமா, கொசுவத்தி வேண்டுமா என்றார்கள். கடைசியாக வந்தவருக்குக் கேட்க ஒன்றும் கிடைக்கவில்லை. "சும்மாதாம்மா, ஃபேன் ஓடுதான்னு பாக்க வந்தேன்" என்று தலையைச் சொறிந்தார். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.

விடிந்ததும் லாட்ஜில் ஏற்பாடு செய்த படகில் ஏறினேன். படகுக்காரர் பக்கத்து மீனவக் கிராமத்துக்காரர், என் வயதுதான் இருக்கும். ஏறியதிலிருந்து அவர் வாய் ஓயவில்லை. மகள் கல்யாணம், இறால் விலை, மச்சானோடு வந்த தகராறு என்று போய்க்கொண்டே இருந்தது. சுரபுன்னை மரங்கள் வேர்களைச் சேற்றில் ஊன்றி நிற்கும் குறுகலான வாய்க்காலுக்குள் நுழைந்தோம். அவர் குரல் கேட்டே கொக்குகள் எழுந்து போயின. சேற்று நண்டைப் பார்க்க நான் குனிந்தால், உடனே படகை நடுத் தண்ணீருக்குத் தள்ளினார்.

"அண்ணே, கொஞ்சம் பேசாம வாங்களேன். நீர்நாய் ஓடிப்போயிடும்."

ஒரு வளைவு வரைக்கும் பொறுத்தார். பிறகு துடுப்பால் பலகையைத் தட்டிக்கொண்டு பாட ஆரம்பித்தார்.

"உங்களுக்கு என்னதான் வேணும்?" என்று சீறினேன்.

அவர் துடுப்பை மடியில் வைத்தார். "லாட்ஜுல சொல்லியனுப்பிச்சாங்கம்மா. ஒத்தையில வந்துருக்காங்க, மூஞ்சி சரியில்ல, பேச்சு குடுத்துக்கினே இரு, ஓரமா சாய வுடாதன்னு. முன்ன ஒருத்தரு இப்பிடித்தான் ஒத்தையா வந்து ரூம் எடுத்தாரு..."

கீழ் அறையும் ஃபேனும் அப்போதுதான் புரிந்தன. கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. "நான் சாவ வரலண்ணே. நீர்நாய் பாக்கத்தான் வந்தேன்."

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். நம்பினாரா தெரியாது, ஆனால் வாயை மூடிக்கொண்டார்.

சத்தம் அடங்கிய பிறகுதான் காட்டில் ஏதோ நடமாட்டம் தெரிந்தது. தண்ணீரில் முதலில் ஒரு தலை வந்தது. பிறகு ஒரு குடும்பமே சேற்றுக் கரையில் ஏறியது. நனைந்து பளபளக்கும் உடம்பு, தட்டையான வால். பெரியது ஒரு மடவை மீனைத் தலையிலிருந்து கடித்துத் தின்றது. குட்டிகள் கீச்கீச்சென்று கத்திக்கொண்டு அதன் வாயிலிருந்தே பிடுங்கப் பார்த்தன.

கண்கொட்டாமல் பார்த்தேன். பார்க்கும்போதே மனசு தன்பாட்டுக்குச் சொல்ல ஆரம்பித்திருந்தது. அம்மா, அதுக்குப் பூனை மாதிரி மீசை. அம்மா, அந்தக் குட்டி இருக்கே, சரியான போக்கிரி. யாரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று அப்புறம்தான் உறைத்தது. எனக்குள்ளேயே வைத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன்.

படகுக்காரர் பதறிப்போனார். "என்னம்மா, வூட்ல யாருக்குனா போன் போடட்டா?"

போன் போட ஆள் இல்லை. "நீர்நாய் பாத்தேண்ணே" என்றேன்.

மொதல்ல ஒரு தலைதான் தெரிஞ்சுது என்று தொடங்கி, மீசை, வால், மடவை, குட்டிகள் போட்ட சண்டை என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். எல்லாவற்றையும் என்னோடு உட்கார்ந்து பார்த்தவர் அவர். நானுந்தான் பார்த்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. "அப்பிடியா" என்று கேட்டுக்கொண்டு மெதுவாகத் துடுப்புப் போட்டார். கரையில் இறங்கிவிட்டால் இதைச் சொல்ல எனக்கு யாரும் இல்லை. அதனால் சீக்கிரம் முடிந்துவிடாதபடி இழுத்து இழுத்துச் சொன்னேன்.