சானலில் இறங்கினேன்

திருவட்டாறு பக்கம் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ரப்பர் விளையைத் தாண்டினால் சானல். அணையைத் திறந்துவிட்டால் கரை முட்டத் தண்ணீர் ஓடும். பள்ளிக்கூடம் விட்டதும் நானும் அண்ணனும் பையை வீசிவிட்டு ஓடுவோம். அவன் என்னைவிட ஒரு வயது மூத்தவன். பாலத்துச் சுவரில் ஏறிக் குதிப்பது, முங்கிப்போய் அடிமணலை அள்ளி வருவது, எல்லாவற்றிலும் போட்டிதான். எனக்குப் பன்னிரண்டு வயதானபோது, ஒழுக்குக்கு எதிராக நீந்திப் பாலத்தூணைத் தொடும் பந்தயத்தில் முதன்முறையாக அவனை ஜெயித்தேன். அவனுடைய கூட்டாளிகளே எனக்காகக் கூவினார்கள்.

இரண்டு நாள் கழித்து அப்பா கரைக்கு வந்து என்னை ஏறி வரச் சொன்னார். எல்லாரும் பார்க்க, ஈரத் தோளில் ஓங்கி ஓர் அடி.

"பொம்பளப்பிள்ள பயக்களோட சேந்து பாலத்துலேருந்து சாடுகதா? இனி இந்தப் பக்கம் கண்டேன்னா காலை ஒடிச்சிருவேன்."

அன்றோடு முடிந்தது. அண்ணன் அதற்குப் பிறகும் தினம் போனான். கண் சிவக்க, தலை சொட்டச் சொட்ட வந்து சோறு கேட்பான். அவன் கழற்றிப் போடும் நிக்கரிலிருந்து மணலை உதறித் துவைப்பது என் வேலை. அந்த மணலை அள்ளி அவன் வாயில் திணிக்க வேண்டும்போல இருக்கும். அப்பாவிடம் சொல்லிக்கொடுத்தது முக்கு டீக்கடைக்காரர் என்று நானாக முடிவு செய்து, பல வருடம் அவர் முகத்தைப் பார்த்துப் பேசாமலே இருந்தேன். பாவம் அந்த மனிதர்.

கல்யாணமாகி நாகர்கோவிலுக்கு வந்தேன். அப்புறம் எனக்குத் தண்ணீர் என்றால் பக்கெட்டில் பிடிப்பது மட்டும்தான். போன வருடம் முட்டுவலிக்குப் பார்த்த டாக்டர், "நீச்சல் தெரியுமா? தெரிந்தால் நல்லது" என்றார். "தெரியும்" என்றேன். கோபமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, அவர் நிமிர்ந்து பார்த்தார்.

அடுத்த ஞாயிறு அண்ணன் வீட்டுக்குப் போனேன். அப்பா போனபின் பழைய வீட்டில் அவன்தான் இருக்கிறான். சானலில் நீந்தப் போகிறேன் என்று சொன்னதும் சிரித்தான்.

"இந்த வயசுலயா? ஆளுவ சிரிக்கும் ஏட்டி."

"அண்ணைக்கும் ஆளுவதான பாத்துட்டு அப்பாட்ட சொல்லிச்சு?"

"ஆளுவளா? நான்தான் சொன்னேன். நீ என்னையத் தோக்கடிச்சிட்டேல்லா, பயக்க கிண்டலடிச்சானுவ."

நேந்திரங்காய் சிப்ஸை மென்றுகொண்டே சொன்னான். அவனுக்கு அது ஒரு பழைய வேடிக்கை.

"பொறவு ஒரு நாளாவது, அவளையும் விடுங்கன்னு அப்பாட்ட சொன்னியா?"

"எனக்கு அப்பம் பதிமூணு வயசு மக்கா."

"இருவது வயசும் வந்துல்லா? அப்பம் சொன்னியா?"

அவன் சிப்ஸ் தட்டுக்குள் கையை விட்டுத் துழாவினான். அவன் மனைவி, என் மைனி, அடுக்களை வாசலில் வந்து நின்றாள். நான் எழுந்து விளை வழியாக நடந்தேன்.

சானல் கரையில் துவைத்துக்கொண்டிருந்த ஒருத்தி, "அக்கா, நீச்சல் அறியுமா?" என்று கேட்டாள். பதில் சொல்லாமல் சுடிதாரோடு இறங்கினேன். குளிர் வயிற்றைப் பிடித்தது. பாதி தூரத்தில் மூச்சு முட்டி, இரண்டு மடக்கு தண்ணீர் குடித்து, ஒழுக்கு இழுத்த இழுப்பில் போய் எதிர்க்கரைத் தாழம்புதரின் வேரைப் பிடித்துக்கொண்டேன். நகத்துக்குள் சேறு. பாசி மணம். சிறு மீன்கள் காலைக் கொத்தின. இவ்வளவும் இத்தனை வருடமாக வீட்டுக்குப் பின்னாலேயே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. தண்ணீரில் நின்றபடியே வாய்விட்டு அழுதேன். எல்லாம் ஆத்திரத்தில் வந்த அழுகை.

அண்ணன் தலை துவட்டத் துவர்த்தோடு வந்து கரையில் நின்று, "மதியாச்சா? போரும், ஏறி வா" என்றான். திரும்ப நீந்தி வந்து, அவன் நீட்டிய துவர்த்தை வாங்காமல் ஈரத்தோடு பஸ் ஏறினேன்.

இப்போது ஞாயிறுதோறும் போகிறேன். பாலத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, நீந்திவிட்டு, அவன் வீட்டுப் படி ஏறாமல் திரும்பிவிடுவேன். எதிர்க்கரைக்கு நாலு தடவை போய் வர முடிகிறது. போன வாரம் மைனி வந்து தண்ணீரில் காலை விட்டு உட்கார்ந்தாள்.

"உங்க அண்ணன் கேட்டாவ, கோவம் தீந்துட்டான்னு."

"தீரல்லன்னு சொல்லுங்க மைனி" என்று சொல்லிவிட்டு முங்கினேன்.