மைக்கை அணைக்காமல் எழுந்து போனவர்

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னியுங்கள். மகள் இப்போதுதான் தூங்கினாள். வாசல் தாழ்ப்பாளை இன்னொரு முறை இழுத்துப் பார்த்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். விடிந்துவிட்டால் இதை எழுதும் துணிவு இருக்குமா என்று தெரியவில்லை.

செல்வமணி இறந்த செய்தி மற்றவர்களுக்கு ஃபோனில் வந்திருக்கும். நம் படிப்புக் குழுவுக்கு அது செய்தியாக வரவில்லை. நம் காதுக்குள்ளேயே நடந்தது. ஞாயிறு காலை, நாம் படிக்கும் நிறுவனக் கட்டமைப்பு நெறியின், அதாவது ஒரு நிறுவனத்தின் வேலைகளையும் கணினிகளையும் வரைபடமாக்கும் முறையின், புதிய பதிப்பில் என்னென்ன மாறியிருக்கிறது என்று வீட்டிலிருந்து திரையில் காட்டிக்கொண்டிருந்தார். தெருவில் கூச்சல். "செத்த இருங்க, என்னன்னு பாத்துட்டு வந்துடறேன்" என்று எழுந்து போனார். மைக்கை அணைக்கவில்லை.

சென்னையிலும் கோவையிலும் இருக்கும் உங்களுக்கு அவர் ஒரு குரல் மட்டும்தான். நான் பிரசவ விடுப்பில் போகும்வரை, காரைக்கால் பஜாரில் ஜவுளிக்கடை மாடியில் நம் கம்பெனி எடுத்திருந்த அறையில் அவருக்கு எதிர்மேசையில் இருந்தவள். அவர் கடலோர ஊர்க்காரர். ஊரின் பெயரை எழுதவில்லை. இப்போது பெயரை எழுதினால் அதற்கும் ஒருவன் கட்டையைத் தூக்குவான். மீனை வைத்து உதாரணம் சொல்லச் சொல்லி உங்களில் ஒருவர் கேட்டதும், "ஏன் சார், கரையிலேர்ந்து வந்தவன்னா வாயத் தொறந்தாலே மீனு குதிக்கணுமா?" என்று அவர் கேட்டதும் நினைவிருக்கும்.

ஒருநாள் புருவத்தில் தையலோடு வந்தார். ஒரு லாரி நிறுவனத்துக்கு வரைபடம் போட்டுக் கொடுத்திருந்தார். நெறி சொல்லும் வரிசைதான்: தொழில், தகவல், மென்பொருள், இயந்திரம் என்று ஒவ்வோர் அடுக்கிலும் இன்றைய நிலையை முதலில் வரைய வேண்டும், பிறகு போய்ச்சேர வேண்டிய நிலை, பிறகு இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி. அங்கே இரண்டு கிளைகளிடம் வாடிக்கையாளர் விவரம் இரண்டு விதமாக இருந்தது. சரக்கு தவறான வாசலில் இறங்கி, ஓட்டுநர்கள் அடி வாங்கிக்கொண்டிருந்தார்கள். அதை அப்படியே வரைந்திருந்தார். எல்லாம் ஒன்றாக இருப்பதுபோல் மாற்றிப் போடு என்றார் அந்த லாரி நிறுவன மேலாளர். இவர் மறுத்தார். எவர்சில்வர் டம்ளர் பறந்து வந்தது. ரத்தம் வரைபடத்தின் மேலேயே கொட்டியது.

"வலிக்குதா?" என்று கேட்டேன். "அந்தாளு எறிஞ்சதும் இன்னைய நெலமதாங்க, அதுக்கும் ஒரு கட்டம் போட்டிருக்கணும்" என்றார். பிறகு சிரிக்காமல் சொன்னார்: "இருக்கறத இருக்கற மாதிரி வரைங்க. ஆசைப்படறத அடுத்த தாள்ல வரைங்க. ரெண்டையும் ஒரே தாள்ல போட்டா எங்கயாச்சும் ஒரு ஆள் சாவான்."

புதிய பதிப்பு வந்தபோது நாம் எல்லோரும் கலங்கிப்போனோம், படித்ததெல்லாம் வீணா என்று. மறுநாள் அவர் மாடிக்கு ஒரு அரிவாளோடு ஏறி வந்தார். கீழே ஜவுளிக்கடைக்காரர் அலறியடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்தார். "பயப்படாதீங்க பாய், ஆள வெட்ட இல்ல." அச்செடுத்து பைண்டு பண்ணி வைத்திருந்த பழைய பதிப்பைத் தரையில் போட்டு, முதுகில் ஓங்கி ஒரே வெட்டு. ஒரு பாதியை என்னிடம் நீட்டினார். "இது அடிப்படை. இது நிக்கும். அந்தப் பாதியில இருக்கறது எப்படிச் செய்யிறதுங்கற வழிகாட்டி, காலத்துக்குக் காலம் மாறும். முன்னாடி ரெண்டையும் ஒண்ணாத் தச்சு வச்சிருந்தாங்க, இப்பப் பிரிச்சுட்டாங்க. அவ்ளோதாங்க புதுப் பதிப்பு." மற்ற பாதியைக் காலால் எத்தி ஓரம் தள்ளினார். புதிய பதிப்பு எனக்குப் புரிந்தது அந்த வெட்டில்தான்.

இனி ஞாயிற்றுக்கிழமை. செல்வமணியின் ஊருக்கும் பக்கத்து ஊருக்கும் வலைத் தகராறு. முந்தைய இரவு அவர் ஊர்ப் படகு ஒன்று எரிந்தது. காலையில் பக்கத்து ஊர்க்காரன் ஒருவன் கரையில் சிக்கினான். அவனை அடித்துத் தெருவில் இழுத்து வந்தார்கள். செல்வமணியின் குரலில் நாம் கேட்டது இது: "கையத் தூக்கிட்டான்டா, விடுங்கடா." பிறகு, "மச்சான், துடுப்பக் கீழ போடு. மச்சான்." பிறகு அந்தச் சத்தம். பிறகு யாரோ ஒருவர், "மூஞ்சியப் பாக்காத, தூக்கு தூக்கு." திரையில் அவர் விட்டுப்போன பக்கம் வெகுநேரம் அப்படியே நின்றது.

'யாரோ நண்பரைக் கூப்பிட்டிருக்கிறார்' என்று குழுவில் உங்களில் ஒருவர் எழுதியிருந்தார். நீங்கள் இருக்கும் இடங்களில் யாரும் யாருக்கும் மச்சான். செல்வமணி அப்படிப் பேசுகிறவர் இல்லை. ஊரில் அவருக்கு மற்றவர்களெல்லாம் அண்ணன், தம்பி, சித்தப்பா. மச்சான் ஒரே ஆள்தான்: அவர் மனைவி தேவியின் தம்பி. அடிபட்டுக் கிடந்தவனை மறைத்துக்கொண்டு நின்றவர்மேல் விழுந்தது அவர் வீட்டு ஆளின் அடி.

ஆனால் அவரைக் கொன்றதாக உள்ளே கிடப்பவன் அவர் காப்பாற்றிய அந்தப் பக்கத்து ஊர்க்காரன். சாலை முக்கில் செல்வமணியின் படத்தோடு பேனர் நிற்கிறது, ரத்தத்துக்கு ரத்தம் என்று. காரியம் முடிந்ததும் பழிக்குப் போவதாகப் பேச்சு. கட்டைகள் சேருகின்றன.

இரண்டு பேர் என் வீட்டுக்கும் வந்தார்கள். "உங்க வீட்டு பாய் துபாய்லதான இருக்காங்க? கைப்புள்ளய வச்சிகிட்டு அந்த கம்ப்யூட்டர்ல என்னத்தங்க கேட்டீங்க? ஒண்ணும் கேக்கலதான?" மரியாதையாகத்தான் கேட்டார்கள். திரும்பும்போது ஒருவன் ஜன்னலில் கட்டையை வீசினான். தொட்டில் துணியில் இருந்து கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கினேன். மகள் மேல் கீறல் இல்லை. கணவர் ஃபோனில் கத்துகிறார்: "அல்லா பாத்துக்குவான், நீ வாய மூடிகிட்டுப் புள்ளயப் பாரு." அவர் சொல்வதும் எனக்குப் புரிகிறது.

நேற்று தேவி கூப்பிட்டார். "கடைசியா அவரு என்ன சொன்னாருன்னு எனக்குத் தெரியணும். என் தம்பி அன்னையிலேர்ந்து என் மூஞ்சியப் பாக்க மாட்டேங்கறான்." சொன்னேன். கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "போலீஸ்ல போயி எழுதிக் குடுங்க. இல்லாட்டி இன்னும் நாலு பொம்பளைங்க என் மாதிரி உக்காந்திருப்பாங்க." பிறகு, "அதுக்கப்பறம் எங்க வீட்டுக்கு வராதீங்க" என்று வைத்துவிட்டார்.

அவர் வெட்டித் தந்த பாதி இந்த மேசைமேல்தான் இருக்கிறது. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுவும், இருப்பதை இருப்பதுபோல் வரை என்ற அந்தச் சொல்லும்தான். எல்லோரும் உயிரோடு நன்றாக இருக்கும் அடுத்த தாளை வரையத்தான் எனக்கும் ஆசை. முதல் தாள் பொய்யாக இருக்கும்போது முடியவில்லை.

நாளைக் காலை மகளைத் தூக்கிக்கொண்டு காவல் நிலையம் போகிறேன். நான் ஒருத்தி மட்டும் சொன்னால், ஹெட்ஃபோனில் ஒரு பொம்பளை என்னத்தைக் கேட்டிருப்பாள் என்பார்கள். நீங்களும் கேட்டீர்கள். கேட்டதை உங்கள் பெயரில் எழுதித் தருவீர்களா, மாட்டீர்களா? எதுவாக இருந்தாலும் சீக்கிரம் பதில் எழுதுங்கள்.