அக்காவுக்கு வந்தது வயிற்று வலி அல்ல

அக்காவின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு மலர் அச்சடிப்பது என்று முடிவானதும் பெரியப்பா என்னைக் கூப்பிட்டார். "வயித்து வலியில காலமானாங்கன்னு ஒரு வரி போட்டுடு. அதுக்கு மேல நோண்டிக்கினு இருக்காத" என்றார்.

போட மாட்டேன். அக்கா வயிற்று வலி வந்து சாகவில்லை. மலத்தில் ரத்தம் போயிற்று. மலக்குடலில் புற்றுநோய் இருந்தது. அக்கா இதை ஊரறியச் சொன்னவர். அவர் சொன்னதை அவருடைய தங்கை மறைத்தால் அதுதான் அவமரியாதை.

அக்கா பிறந்தது பொன்னேரியில். எங்கள் தாயார் சீக்கிரமே போய்விட்டதால் என் தலைக்கு எண்ணெய் வைத்ததும், என்னைப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துப் போனதும் அக்காதான். பழவேற்காடு போகும் வழியில் ஒரு கிராமத்தில், நெல் நிலமுள்ள வீட்டில் மாமாவுக்கு வாழ்க்கைப்பட்டார். ஒரு புயலில் கடல் தண்ணீர் கழனியில் ஏறி நிலம் உப்புப் பூத்துப்போனது. இனி ஒன்றும் விளையாது என்று எல்லோரும் கைவிட்டபோது, அக்கா ஆட்களோடு தாமும் மண்வெட்டி எடுத்து வரப்பைக் கட்டி, மழைத் தண்ணீரைத் தேக்கித் தேக்கி வடித்து உப்பை இறக்கினார். பெற்றது இரண்டும் பெண்கள். இரண்டு பேரையும் படிக்க வைத்தார். கேட்டவர்களுக்கு, "என் பொண்ணுங்க, நான் படிக்க வெக்கறேன். உனுக்கு இன்னா?" என்பதே பதில்.

முதல் பொதுத் தேர்தல் நடந்த வருஷம் ரத்தம் ஆரம்பித்தது. அக்காவுக்குப் பிரசவ காலத்திலிருந்தே மூலம் உண்டு. அப்போதெல்லாம் முக்கிப் போகும்போது சிவப்பாக இரண்டு சொட்டு விழும், நின்றுவிடும். இந்தத் தடவை அப்படி இல்லை. ரத்தம் மலத்தோடு கலந்து கருஞ்சிவப்பாக வந்தது. போய்விட்டு வந்தாலும் இன்னும் இருப்பது போலவே இருந்தது. ஒரு நாள் மலக்கட்டு, மறுநாள் பேதி. ரவிக்கை தொளதொளத்தது. களத்துமேட்டுக்கு நடந்தால் மூச்சு வாங்கியது.

"சூடு. துத்தி எல வதக்கிக் கட்டு, சரியாப் பூடும்" என்றார் பெரியப்பா. கட்டினார். கருணைக்கிழங்கு சாப்பிட்டார். ரத்தம் நிற்கவில்லை. ஒரு காலையில் அக்கா பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போவதாகச் சொன்னபோது பெரியப்பா வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"ஆம்பள டாக்டர் கிட்ட அந்த எடத்தக் காட்டப் போறியா? நம்ம ஊட்டு மானம் இன்னா ஆவறது?"

"ரத்தம் ஆம்பள பொம்பள பாத்துக்கினா வருது, பெரியப்பா? வழிய வுடுங்க."

மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "நானும் வர்றேன், வா" என்றார். பொன்னேரியில் ரயில் ஏறினோம். நானும் உடன் போனேன்.

அந்தப் பரிசோதனையை நினைத்து எத்தனை பேர் வீட்டிலேயே இருந்து சாகிறார்கள்! அதனால் எழுதுகிறேன். நர்ஸம்மா மறைப்பு கட்டி, போர்வை போர்த்தி, அக்காவை இடப்பக்கம் சாய்த்துப் படுக்க வைத்தார். டாக்டர் கையுறை மாட்டி விரலால் பார்த்தார். நான் அக்காவின் கையைப் பிடித்து, நாலு வார்த்தை பேசுவதற்குள் முடிந்துவிட்டது.

"மூலம் இருக்கும்மா. அதுக்கு மேல ஒரு கட்டியும் இருக்கு" என்றார் டாக்டர். "மூலம் இருக்கறவங்களுக்கு வேற வியாதி வராதுன்னு யார் சொன்னது? ரத்தம் கண்டவுடனே வந்திருக்கணும்."

கட்டியிலிருந்து ஒரு துணுக்கு எடுத்துச் சோதித்தார்கள், புற்றுநோய்தான். மலக்குடலை எடுத்துவிட்டு, வயிற்றின் இடப்பக்கத்தில் மலம் போக வழி வைத்தார்கள். அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து அழுதார். அழுது முடித்துவிட்டு மாமாவிடம் நடவு ஆயிற்றா என்று கேட்டார்.

ஊர் திரும்பியபின் அம்மன் திருவிழாவுக்குக் கிளம்பியவரைப் பார்த்து ஒருத்தி, "இதோட கோயிலுக்கு வரலாமா?" என்று முணுமுணுத்தாள். அக்கா நின்றார். "உள்ள இருக்கறது எல்லாருக்கும் ஒன்னுதான்டி. எனுக்கு வாசல் மட்டும் வேற" என்று சொல்லிவிட்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்வரிசைக்குப் போய் நின்றார்.

நெல் வாங்க வரும் பழவேற்காட்டு பாய் ஒருவர் மூட்டைமேல் உட்கார மாட்டாமல் தவித்ததைக் கண்டு, "பாய், ரத்தம் போவுதா?" என்று களத்திலேயே கேட்டார். அவர் முகம் சிவந்து, விலைகூடப் பேசாமல் போய்விட்டார். மாதம் திரும்புவதற்குள் ஒரு கூடை இறாலோடு வந்தார்.

"டாக்டர் கிட்ட போனேன் தங்கச்சி. வெறும் மூலந்தானாம். மருந்து குடுத்தாரு."

"நல்லதாப் போச்சு. ஆனா வெறும் மூலம்னு டாக்டர் சொல்லணும் பாய். நீங்களும் நானும் சொல்லக் கூடாது."

இப்படி எத்தனையோ பேரை வைது வைது அனுப்பினார். பெரும்பாலானவர்கள் மூலம், ஆசனவாயில் வெடிப்பு என்று தெரிந்துகொண்டு சிரித்தபடி வந்தார்கள். ஒருவருக்கு மலம் தார் போலக் கறுத்துத் தலை சுற்றியபோது, "மேல வயித்துல எங்கியோ ரத்தம் கசியுது, இப்பவே கெளம்பு" என்று வண்டி கட்டி ஏற்றினார். குடற்புண். பிழைத்துக்கொண்டார்.

இரண்டாவது தேர்தலுக்கு நடந்தே போய் ஓட்டுப் போட்டார். அதன்பின் நோய் ஈரலில் திரும்பியது. கண் மஞ்சளானது. வலியிலும் அவர் விதியை நொந்து பேசவில்லை. "கொஞ்சம் முன்னாடியே போயிருக்கணும். அத்த மட்டும் எல்லார்க்கும் சொல்லிடு" என்றார் என்னிடம். மாமாவின் மடியில் உயிர் பிரிந்தது.

மானம் என்று பேசியவர்கள் யாரும் அக்காவின் ஒரு துணியையும் துவைக்கவில்லை. கடைசி வரை முகம் சுளிக்காமல் துவைத்த மாமாவுக்கு முதல் வணக்கம். அந்த டாக்டருக்கும் நர்ஸம்மாவுக்கும், அக்கா ஆஸ்பத்திரியில் இருந்தபோது எங்கள் கழனியில் நடவு முடித்த பெண்களுக்கும், பாடைக்குத் தோள் கொடுத்த பாய்க்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. பெரியப்பா இதைப் படித்தால் கோபிப்பார். கோபிக்கட்டும்.

இன்று படையலுக்கு வந்து இந்த மலரைக் கையில் வைத்திருப்பவர்களில் யாருக்காவது ரத்தம் போகிறது என்றால், ஆணோ பெண்ணோ, சாப்பிட்டுக் கைகழுவியதும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். ஒன்றும் விசாரிக்க மாட்டேன். புடவையை மாற்றிக்கொண்டு உங்களோடு கிளம்பிவிடுவேன்.