சனிக்கிழமை மட்டும் வேண்டாம் சாமி

என் மருமக வடக்க மலைநாட்டு ஷெர்பா இனத்துப் பொண்ணு. பிள்ளை எந்தக் கிழமை பொறக்குதோ அந்தக் கிழமையையே பேரா வைக்கிறது அவுங்க வழக்கம். அவளுக்கு வலி வந்து ராஜபாளையம் ஆஸ்பத்திரியில சேர்த்தது ஒரு சனிக்கிழமை காலையில. நம்ம ஊர்ல சனின்னா திட்டு. பயந்துபோயி, நாளைக்குப் பொறக்கட்டும்னு பேறுகாலத்துக்குத் தொணை நிக்கிற மடவார் வளாகத்துக் கோயில் சாமிகிட்ட ரகசியமா வேண்டிக்கிட்டேன்.

சாயங்காலம் டாக்டரம்மா வெளிய வந்தாங்க. "பிள்ளைக்கு இதயத்துடிப்பு குறையுது. உடனே ஆபரேஷன் பண்ணணும்."

கதவு சாத்துனதும், "சாமி, காலையில கேட்டது வேண்டாம்! இன்னைக்கே, இப்பவே!"ன்னு கத்திட்டேன்.

"காலையில என்னத்த வேண்டித் தொலைச்சீக?"ன்னு எம் பொஞ்சாதி மொறைச்சா.

பொறவு உள்ள பிள்ளை அழுதுச்சு. அவுங்க பாஷையில சனிக்கிழமைக்குப் பேரு பெம்பா. அதச் சொல்லி மொதல்ல கூப்பிட்டது நான்தான்.